காலியாக வந்த பதில்

நவம்பர் 3, திங்கள்

மழை. செக்காலை ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, ஆட்டோ வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை. காலையிலேயே மேலதிகாரி ஜனனி போனில் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினாள். அதுதான் பயம்.

கடைகளுக்காக வாடிக்கையாளரிடம் பேசும் ஒரு ஏஐ ஏஜென்ட் எங்கள் கம்பெனியுடையது. சரக்கு இருப்பைப் பார்க்க ஒரு கருவி, விலை சொல்ல ஒன்று, ஆர்டர் போட ஒன்று என்று அதன் கையில் கொடுத்திருக்கிறோம். எது எதற்கு, எப்போது எடுக்கக் கூடாது, என்ன பதில் வரும் என்று குறிப்பு எழுதுவது நான். அந்தக் குறிப்பை நம்பித்தான் அது நடக்கும். மாமியிடம் இதை விளக்கி அலுத்துவிட்டேன். "கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்ற வேலை" என்று அவரே பக்கத்து வீட்டில் சொல்லி முடித்துவிட்டார்.

நடந்தது இது. குடோன் கணினியோடு தொடர்பு அறுந்தால் இருப்புக் கருவி காலியாகப் பதில் தரும். காலி வந்தால் என்ன அர்த்தம் என்று நான் எழுதவில்லை. குறையொன்றும் சொல்லவில்லையே, அப்போது சரக்கு இருக்கிறது என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டு, புதுவீடு கட்டும் ஒரு குடும்பத்துக்கு டைல்ஸ் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டது. டைல்ஸ் வரவில்லை. கடைக்காரர் நின்று திட்டு வாங்கினார்.

நவம்பர் 4

என் வீட்டுக்காரர் அஸ்பாக் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டார்.

"கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாக. வியாழனுக்குள்ள சொல்லணும். நீ என்ன சொல்றே?"

மாமி எதிரில் உட்கார்ந்திருந்தார். "உங்க இஷ்டம் மச்சான்" என்றேன்.

"அங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கோம், அல்ஹம்துலில்லாஹ்."

இந்த வீட்டுச் சட்டம் இது. ஆகஸ்டில் நான் டைபாய்டில் கிடந்தபோதும் மாமி அதைத்தான் சொன்னார். "தூரத்துல இருக்கிற பிள்ளைக்கு நல்லதைத்தான் சொல்லணும். கஷ்டத்தைச் சொன்னா அங்குட்டு இருந்து அவன் என்ன செய்வான்?" அவர் மாமாவைச் சவூதிக்கு அனுப்பிவிட்டு இப்படியே காலம் தள்ளியவர்.

என்ன இஷ்டம்? யாருடைய இஷ்டம்? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு, வந்துருங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு? அவர் சட்டையை மடித்து மடித்து அலமாரியில் வைக்கிறேன். உடுத்தாத சட்டைக்கு எதற்கு மடிப்பு.

நவம்பர் 5

குறிப்பைத் திருத்தினேன்: 'காலியாக வந்தால் சரக்கு இருக்கிறது என்று பொருள் அல்ல. கருவிக்குத் தெரியவில்லை என்று பொருள். ஊகிக்காதே. தெரியவில்லை என்றே சொல்லி, கடையில் யாரைக் கேட்கலாம் என்றும் சொல்.'

ஜனனி சோதித்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒழுங்கா உண்மையைச் சொல்லுது, பெனாசிர்" என்றாள்.

'நல்லா இருக்கோம்.' நான் மச்சானுக்குக் கொடுத்ததும் காலிப் பதில்தானே? அவரும் குறையில்லை என்றுதானே எடுத்துக்கொண்டிருப்பார்?

நாளை சொல்லிவிட வேண்டும். மாமி இருந்தாலும் சரி.

நவம்பர் 6, வியாழன்

சொல்லிவிட்டேன். மாமி முன்னாலேயே.

"கையெழுத்துப் போடாதீக மச்சான். எனக்கு உங்களை ரொம்பத் தேடுது. டைபாய்டு வந்து கிடந்தேன், உங்ககிட்ட மறைச்சோம். வந்துருங்க."

"நேத்தே போட்டுட்டேன் பெனா" என்றார்.

"நேத்தா?"

"நீ இஷ்டம்னு சொன்னே. நான் இல்லாமலே அங்க எல்லாம் நல்லா ஓடுது, வந்து யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்."

மாமி எழுந்து அடுப்படிக்குப் போனார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

நவம்பர் 7

அழுதேன். வேலை எதுவும் ஓடவில்லை.

நவம்பர் 10

இரண்டு வருஷம். மச்சான் அங்கே கம்பெனியில் பேசிப் பார்த்தாராம், விட மாட்டார்களாம். இதை எழுதும்போதும் தேடுகிறது. ஆனால் அவருக்கு அது தெரியும் என்பதில் ஒரு சின்ன ஆறுதல். கோபமும் இருக்கிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மாமியும் நானும் கறி கழுவிக்கொண்டிருந்தபோது அஸ்பாக் கூப்பிட்டார். கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எப்படி இருக்கீக என்றேன். நல்லா இருக்கேன் என்று அவர் சொல்லவில்லை.

முதுகு வலியாம், சுமை தூக்க முடியவில்லையாம். அறையில் கூட இருந்த பாண்டீஸ்வரன் ஊருக்குப் போனதிலிருந்து பேச ஆளில்லையாம். ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவர் அழுதுவிட்டார். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

கடைசியில், "இதெல்லாம் அம்மாகிட்டச் சொல்லிராத" என்றார்.

நான் மாமியைப் பார்த்தேன். அவர் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனைப் பக்கத்தில் இழுத்தார்.

"முதுகுல எந்த எடத்துலப்பா வலிக்குது? மறைக்காமச் சொல்லு."