ரோமரின் பெப்ரவரியை நம்பினேன்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

பெயர் சொல்லி உங்களை நான் கூப்பிட்டதே இல்லை. இப்போது தொடங்கினால் நீங்களே சிரிப்பீர்கள்.

நாம் உறையவைத்திருந்த கடைசிக் கருவும் தங்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரித் தாதி போனில் சொன்னாள். பாவம், தன்மையாகத்தான் சொன்னாள்.

கருவை வைக்க அவர்கள் தந்த நாள் பெப்ரவரி நடுப்பகுதி. உடனே நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரோம வரலாறு நினைவுக்கு வந்தது. லூப்பர்காலியா, அதே பெப்ரவரி நடுவில் வரும் விழா. ரோமை நிறுவிய இரட்டையருக்குக் குழந்தையில் ஓநாய் பால் கொடுத்த குகை லூப்பர்கால், அதிலிருந்து விழாவின் பெயர். இளைஞர்கள் ஆட்டுத்தோல் வாரோடு ஓடிவர, பிள்ளை வேண்டிய பெண்கள் கையை நீட்டி அடி வாங்குவார்களாம். தீட்டுக் கழிக்கும் அந்த வாருக்கு ஃபெப்ருவா என்று பெயர், அதுவே மாதத்துக்கும் ஒட்டிக்கொண்டதாம். இதையெல்லாம் ஒருநாள் ட்ராமில் எல்லாருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் கண்மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. சாவுத் தீட்டோடு ஈலிங் அம்மன் கோயில் படி மிதிக்க முடியாது. அதனால், சிரிக்காதீர்கள், உங்கள் ரோமரை நம்பினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்கு வெளியே கையை நீட்டியபடி கிடந்தேன். தாதி அதைப் பார்த்து, "இன்றைக்கு ஊசி கிடையாது" என்றாள்.

உங்கள் அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "வருஷம் திரும்ப முன்னம் பிள்ளைத்தாச்சியா நிண்டா சனம் என்ன கதைக்கும்?" என்றார். நோயில் கிடந்தபோதே நீங்கள் சம்மதித்துக் கையெழுத்து வைத்ததைச் சொன்னேன். அதன்பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நேற்று விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"பெடியனோ, பெட்டையோ?"

"அது தெரியாது மாமி."

"எனக்கும் உள்ளுக்குள்ளை ஆசைதான் பிள்ளை. அவன்ரை முகம் ஒருக்கா திரும்பி வருமெண்டு."

ரோமப் பெண்களுக்கு அடுத்த பெப்ரவரி இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது? பெயர்களுக்கெல்லாம் வேர் தேடியவரே, பிறக்காத பிள்ளையை இழந்தவளுக்கு உங்கள் லத்தீனில் பெயர் உண்டா? எங்கள் சனம் வைத்திருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். காலையில் எழும்ப மனமில்லை. எதற்கு எழும்ப வேண்டும் என்றும் விளங்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவரைத் தனியே விடமாட்டேன். அதற்கு மேல் என்னிடம் வாக்கு எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பிள்ளை