பீச்சாங்கைச் சோறு

அப்பா, அடிபட்ட கைக்கு ஸ்ப்ளின்ட் செய்யும் தகடுகளை அடுக்கிவைக்கும் அலமாரியைத் துடைத்தபோது இன்று உங்கள் ஸ்பூன் அகப்பட்டது. தடித்த பிடி, வளைந்த கழுத்து. உங்கள் இடக்கைக்கென்றே நான் செய்தது. ஒரு பருக்கைகூட அதில் ஒட்டியதில்லை. புதுசு மாதிரி பளபளக்கிறது, எரிச்சலாக வந்தது.

கைக்கு மட்டும் பார்க்கும் தெரபிஸ்ட் ஆனது ஏன் என்று காரைக்காலில் எல்லோரும் கேட்டாயிற்று. படகில் வலை இழுக்கும் விஞ்சில் விரல் நசுங்கி வருபவர், மணிக்கட்டில் பிளேட்டோடு துபாயிலிருந்து திரும்பியவர், எல்லோருக்கும் ஒரே பொய்தான்: பிடித்துப் படித்தேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். கல்லூரியில் முதல் வருஷம், ஒருவர் விரல் மூட்டை ஒருவர் அளந்து பழகினோம். என் இடக்கை மோதிர விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. இது பழைய எலும்பு முறிவு, யாரும் கட்டுப் போடவில்லையா என்றாள் கூடப் படித்தவள். கீழே விழுந்தேன் என்றேன். மர ஸ்கேலின் விளிம்பால் அப்பா போட்டது என்று எப்படிச் சொல்வது? கையைத்தான் படிப்பதென்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். அந்த விரலை வைத்துக்கொண்டுதான் ஊரார் விரல்களை மடக்கிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டுச்சேரி வீட்டில் என் இடக்கை தட்டுப் பக்கம் நீண்டால் ஸ்கேல் இறங்கும். பிறகு துண்டால் அதை முதுகோடு சேர்த்துக் கட்டுவீர்கள். "சோத்துக்கையால சாப்பிடு. இல்லாட்டி பட்டினி கெட." அடித்த அதே கையால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் அச்சுப் போல எழுதுவீர்கள், ஊரே மெச்சும். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த வலக்கைதான் பக்கவாதத்தில் விழுந்தது. மாசக்கணக்கில் நீட்டினேன், மடக்கினேன். வலியில் நீங்கள் பல்லைக் கடிப்பீர்கள், நான் விடமாட்டேன். தோள் கொஞ்சம் அசைந்தது, விரல் அசையவில்லை. இனி வராது என்று தெரிந்ததும் பூசி மெழுகாமல் சொன்னேன், இடக்கைக்குப் பழகுங்கள் என்று. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். மூன்று வேளையும் குனிந்து ஊட்டி அம்மாவின் இடுப்பு போனது. அவளுக்காகத்தான், உங்கள் கை சோற்றில் படாதபடி இந்த ஸ்பூனைச் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா திருநள்ளாறு கோயிலுக்குப் போயிருந்தாள். தயிர்சாதமும் ஸ்பூனும் வைத்தேன். இடக்கையால் தட்டைத் தள்ளிவிட்டீர்கள். அதற்கு மட்டும் அந்தக் கை ஆகிவந்தது.

"பீச்சாங்கையால திங்கிறதுக்குச் சாவலாம்," என்றீர்கள், குழறிய நாக்கோடு.

தட்டை மறுபடி முன்னால் வைத்தேன். "சோத்துக்கையால சாப்பிடுங்க. இல்லாட்டி பட்டினி கெடங்க."

புரிந்துவிட்டது உங்களுக்கு. பழி வாங்குறியா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். எதிரில் உட்கார்ந்து, என் சோற்றை இடக்கையால் பிசைந்து சாப்பிட்டு விரலையும் நக்கினேன். உங்கள் கண் முன்னால் அப்படிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ருசியாக இருந்தது. இன்றுவரை அதற்கு நான் வருத்தப்படவில்லை. பொழுது சாய அம்மா வந்து உங்களுக்கு ஊட்டினாள்.

கடைசிவரை நீங்கள் மசியவில்லை. அம்மா இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறாள்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நீங்கள் பழக்கியபடியே வலக்கையில் அள்ளினேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். சுற்றி நின்ற உறவெல்லாம் பார்த்தது.

"சோத்துக்கையால போடாதம்மா. இதுக்கு பீச்சாங்கைதான் முறை."

கை மாற்றினேன். மடங்காத விரல் பக்கமாகக் கொஞ்சம் சிந்தியது. மிச்சத்தை உங்கள் வாயில் போட்டேன். என் இடக்கையால் நீங்கள் வாங்கிக்கொண்டது அந்த ஒரு வாய்தான். நீங்கள் துப்பவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் அப்பா என்று எழுத வருகிறது.