கையோடு வந்த ஹேண்டில்பார்

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் இருமல் குறைந்ததா? சலீமா மாமி வீட்டில் நான் நலம்.

சைக்கிளின் ஹேண்டில்பாரை உயர்த்தினால் முதுகு வலிக்காது என்று படித்தேன். நானே அதன் தண்டை மேலே இழுத்து முடுக்கினேன். தண்டில் போட்டிருந்த எல்லைக்கோட்டைத் தாண்டி இழுத்தது தெரியவில்லை. கோரிமேட்டில் திரும்பும்போது ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. சக்கரம் நேராக ஒரு பஸ்ஸை நோக்கிப் போனது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

மெக்கானிக் சரிசெய்துவிட்டார். ஆனாலும் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டே போகிறேன்.

"ஏன்டி, சைக்கிளுக்குக் காவலா வர்றியா?" என்று என் வகுப்புத் தோழி நிர்மலா சிரிக்கிறாள். ஏறினாலும் உடனே இறங்கிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா? முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை ஒருமுறை திருகிப் பாருங்கள். அசையவில்லை என்று நீங்கள் சொன்னால் ஏறிவிடுவேன்.

மாமி தபால் போடக் கிளம்பிவிட்டார்.

உங்கள் மகள்,
அரீபா