கனவான் வீட்டுக் கதவு

மார்ச் 3, திங்கள்

என் கணவரின் அகதி மனு மேல்முறையீட்டிலும் தள்ளுபடி. இனி எந்த நேரமும் வந்து இவரை விமானம் ஏற்றிவிடலாமாம். சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டே நினைத்தேன்: இவர்கள் புரண்டு எழுந்ததைத் துவைக்க நான் வேண்டும். நாங்கள் படுக்க மட்டும் இந்த நாட்டில் இடமில்லை.

சாயங்காலம் இவருடைய அண்ணன் வந்தார். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து கோட்டு போடாமல் தெருவில் இறங்குவதில்லை. மனதுக்குள் நான் வைத்திருக்கும் பெயர் கனவான். "போலீஸ் வந்தா சிரிச்ச முகமா கதவைத் திறங்க. நாம மரியாதை குடுத்தா அவங்களும் குடுப்பாங்க" என்றார். இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

மார்ச் 5, புதன்

வக்கீலம்மா புது மனு போட்டிருக்கிறாள். அது விசாரணைக்கு வரும்வரை இவர் இங்கே இருந்தாக வேண்டும். திரும்பிப் போனால் என்ன செய்வார்கள்? போன தடவை செய்தது இவர் முதுகில் தழும்பாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அவள் சொன்னது: போலீஸ் வந்தால் கதவைத் திறக்காதே. நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு இருக்கிறதா என்று உள்ளே இருந்தே கேள். இருந்தால் கதவுக்கு அடியில் தள்ளச் சொல். இல்லையென்றால் அவர்கள் வாசலோடு சரி. ஒருவேளை பிடித்துவிட்டால் ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வக்கீல் வேண்டும் என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இவரை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். கனவானுக்குப் போனில் சொன்னால், "கதவைச் சாத்திட்டுப் பேசறது திருட்டுப் பசங்க பழக்கம்" என்கிறார்.

மார்ச் 10, திங்கள்

வந்தார்கள். விடிந்தும் விடியாமலும்.

முதலில் தேன் ஒழுகும் குரல். "சும்மா ரெண்டு கேள்விதாம்மா. திறங்க."

நீதிபதி உத்தரவு இருக்கா?

"இருக்கு. திறந்தா காட்டறோம்."

கதவுக்கு அடியில தள்ளுங்க.

தள்ளினார்கள். அவர்கள் ஆபீஸிலேயே அடித்து, அவர்கள் அதிகாரியே கையெழுத்துப் போட்ட தாள். நீதிபதியும் இல்லை, நீதியும் இல்லை. வந்த வழியே திருப்பித் தள்ளினேன். தேன் போய்க் குரைப்பு வந்தது. "பின்னாடி ரொம்ப வருத்தப்படுவே!" தாழ்ப்பாளை நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. கதவு மறைத்தது.

இவ்வளவு பெரிய அரசாங்கம், துணி துவைக்கிறவளிடம் பொய் சொல்லித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. தூ.

அவர்கள் போன பிறகு குளியலறையிலிருந்து வெளியே வந்த இவர் கேட்ட முதல் கேள்வி: "கொஞ்சம் மரியாதையா பேசியிருக்கலாமோ?"

எதில் போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் வீடுதான் பத்திரம் என்று கிளம்பிப் போய்விட்டார். கெஞ்சிப் பார்த்தேன். "அண்ணன் இந்த நாட்டுக் குடிமகன். அவர் வீட்டுக்கெல்லாம் வர மாட்டாங்க." அடுத்துத் தேட வேண்டியது உறவுக்காரர் வீடுதான் என்று கண்டுபிடிக்க எவ்வளவு மூளை வேண்டும்? அந்தப் போலீஸ்காரர்களுக்கு இருப்பதே போதும்.

மார்ச் 14, வெள்ளி

பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கனவான் கதவை அகலத் திறந்து, "வாங்க சார், உட்காருங்க" என்றாராம். காபி குடிக்கிறீங்களா என்று கேட்டாராம். காபி! அறைக்குள் இருந்த தம்பியை, "வெளிய வாடா, என் மானத்தை வாங்காதே" என்று அவரே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

அவர் மனைவிதான் போனில் அழுதபடி சொன்னாள். "உத்தரவு எங்கேன்னு கேக்கலையா அக்கா?" என்றேன். "சார்னு கூப்பிட்டு உட்கார வச்சவர் எப்படிம்மா கேப்பார்?"

பாவி. பாவி. பாவி.

மார்ச் 16, ஞாயிறு

காவல் முகாமில் பார்த்தேன். நடுவில் கண்ணாடி. "உன் பொண்டாட்டி சம்மதிச்சுட்டா, நீயும் கையெழுத்துப் போடு" என்று சொன்னார்களாம், வெட்கம் கெட்டவர்கள். இவர் போடவில்லை. "அவ எதுக்கும் சம்மதிக்கிறவ இல்லை சார். உங்களுக்கு அவளைத் தெரியாது. வக்கீலைக் கூப்பிடுங்க."

சிரித்தேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அழுதேன்.

மார்ச் 27, வியாழன்

தடை உத்தரவு கிடைத்தது. விசாரணை முடியும்வரை அனுப்பக் கூடாது, இவரை வெளியே விட வேண்டும்; இவர் வாராவாரம் போலீஸில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எந்த அதிகாரத்தில் வீட்டுக்குள் போனீர்கள் என்று நீதிபதி கேட்டார். "வீட்டுக்காரரே உள்ளே அழைத்தார்" என்றார்கள். இத்தனை நாளில் அவர்கள் பேசிய ஒரே உண்மை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் வெளியே வந்ததற்குக் கனவான் வீட்டில் விருந்து. "நான் அன்னிக்கு அவங்களை மரியாதையா நடத்தினதாலதான் தம்பி மேல ஒரு அடி விழலை" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

கனவானின் மனைவி வந்தாள், அவருக்குத் தெரியாமல். கூடவே அவள் தங்கை, கையில் ஒரு பை. அந்தப் பெண்ணுக்குப் போன வாரம் விசா முடிந்துவிட்டது, இத்தனை மாதம் அவர்கள் வீட்டில்தான் இருந்தாள்.

"இவ உன்கிட்ட இருக்கட்டும்மா. ஊருக்குப் போயிட்டான்னு அவர்கிட்ட சொல்லிக்கறேன். நம்பிடுவார். யார் என்ன சொன்னாலும் நம்புவாரே."

அந்த ஆளைப் பற்றி நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். என்னைவிட நன்றாக அவளே சொல்லிவிட்டாளே.

முன்னறையில் படுக்கை போட்டோம். இவர் எழுந்து போய், தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.