உரக்கச் சொல்லு கண்ணு

1898 ஜூலை 12, செவ்வாய்

இன்றும் தலைமை ஆசிரியை நோரா அம்மாளோடு வாக்குவாதம். "ஜோசஃபின், அந்த பாகீரதி ஒரு ஊமைக் கோட்டான். அவளோட மல்லுக்கட்டாதே" என்கிறார். ஊமையாம்! சாப்பாட்டு மணி அடித்ததும் மரத்தடியில் அவள் கிசுகிசுப்பதை நான் பார்த்திருக்கிறேனே. பாடம் கேட்டால்தான் வாய் பூட்டிக்கொள்கிறது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

நாளை முதல் பெயர் வாசிக்கும்போது யாரும் 'ஆஜர்' சொல்ல வேண்டாம். ஆளுக்கொரு வீட்டுச் சேதி சொல்லட்டும். வீட்டுச் சேதியில் தப்பு வராதே.

ஜூலை 28

பேசிவிட்டாள்! "எங்க ஆடு குட்டி போட்டுச்சு." பக்கத்துப் பெண்ணுக்கே கேட்கவில்லை. "உரக்கச் சொல்லு கண்ணு" என்றேன். சொன்னாள். வீடு வரை பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 30

பாகீரதியின் அம்மா கோமளம் வாசலில் காத்திருந்து கனகாம்பரச் சரம் கொடுத்தாள். "இப்பல்லாம் வீட்டுலயும் வாய் ஓயறதில்ல டீச்சரம்மா!" அவளுக்கு எத்தனை பூரிப்பு!

செப்டம்பர் 19

எங்கள் ஜோகுபாளையத்திலும் பிளேக் வந்துவிட்டது. காய்ச்சல் என்று தெரிந்தால் ஊருக்கு வெளியே கூடாரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. வீட்டுக்கு வீடு மூடி மறைக்கிறார்கள்.

செப்டம்பர் 22

கர்த்தரே.

பிளேக் ஆபீஸ் ஆள் வகுப்பு வாசலில் நோரா அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். பாகீரதியின் முறை. ஏதோ முணுமுணுத்தாள். நான் — வழக்கம்போல, தலைகூட நிமிராமல் — "உரக்கச் சொல்லு கண்ணு."

"எங்கம்மாவுக்குக் காய்ச்சல். கக்கத்துல கட்டி."

வாசலில் பேச்சு நின்றது.

செப்டம்பர் 23

கோமளத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் புருஷன் சுந்தரேசன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "சும்மா இருந்த புள்ளைய ஏம்மா பேச வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நோய் பரவாமல் தடுத்தோமே என்று நோரா அம்மாள் தேற்றுகிறார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

அக்டோபர் 2

கோமளம் போய்விட்டாள். வீட்டாருக்கு முகம்கூடக் காட்டவில்லையாம். வீட்டில் இருந்திருந்தால் மட்டும் பிழைத்திருப்பாளா? தெரியாது. மகள் கையால் ஒரு வாய்த் தண்ணீராவது குடித்திருப்பாளே, பாவி நான்!

அக்டோபர் 3

பள்ளியை மூடிவிட்டார்கள்.

1899 பிப்ரவரி 6, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. "இனிமேல் ஆஜர்னு சொன்னா போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பாகீரதியின் பெயரைக் கடைசியாகத்தான் வாசித்தேன். அவளாகவே எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுல சேதி ஒண்ணும் இல்ல, டீச்சர்."

உரக்கத்தான் சொன்னாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது.