இடது தோளுக்கு மாறிய துப்பாக்கி

ஆகஸ்டு, இரண்டாம் ஞாயிறு.

மகள் கவிதாவின் ஏர் ரைஃபிளுக்குக் குறிபார்க்க எந்த சைட் பொருத்துவது என்று கேட்கத்தான் போர்டிக்சன் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பயிற்சியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தொலைநோக்கி மாதிரி ஸ்கோப் இருந்தால் சுலபம் என்று நான் நினைத்திருந்தேன். கோச் சிறு துளை வழியாகப் பார்க்கும் சைட்டைப் பொருத்தினார். "ஆரம்பத்துக்கு இதுவே போதும்லா, அக்கா."

கவிதா சுட்ட ஐந்து குண்டும் ஐந்து பக்கம் போயின. கோச் அவளைக் கையை நீட்டி, விரல் இடுக்கு வழியாகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். இடது கண்ணை மூடியதும் கடிகாரம் இடுக்கிலிருந்து விலகிவிட்டது என்றாள்.

"பாப்பாவுக்கு லெஃப்ட் கண்ணுதான் ஸ்ட்ராங். கையும் லெஃப்ட்டா?"

இல்லை என்றேன்.

"சின்னதுல லெஃப்ட்டுதான் கோச். அம்மா மாத்திட்டாங்க," என்றாள் கவிதா. குறை சொல்லும் குரல் இல்லை.

சைட்டில் ஒரு தகடு மாட்டி இடது கண்ணை மறைக்கலாம், இல்லாவிட்டால் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றலாம் என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவளையே கேளுங்க," என்றேன்.

இடது தோளில் வைத்தாள். இந்த முறை ஐந்து ஓட்டைகளையும் ஓர் ஐம்பது சென் காசால் மூடிவிடலாம்.

காரில் வீடு திரும்பினோம். விருந்துகளில் நாலு பேர் பேசுவார்களே என்று, மூன்று வயதில் சோற்றுத் தட்டின் முன் அவள் இடது கையைத் துண்டால் கட்டி வைப்பேன். அது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கவில்லை.

இரவு வலது கையால்தான் சாப்பிட்டாள். இடது கை கடைசிவரை மடியிலேயே இருந்தது. யாரும் கட்டவில்லை.