வாசனைக்குக் கலோரி கிடையாது

படியேறும்போதே வந்திருப்பதை வாசனையால் சொல்லிவிடும் என் பர்வீனுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீ போன பிறகும் நம் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் உன் வாடை வந்துகொண்டிருந்தது. அத்தர் இல்லை, பவுடர் இல்லை. அந்தக் கடைசி இரண்டு வாரம் உன் வாயில் வந்ததே, அந்த வாடை.

படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பு எடை கூடியதால் தூக்கத்தில் உனக்கு மூச்சு நின்று நின்று வரும். ஒரு நாள் நின்றேவிடுமோ என்று பயந்துதான் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டோம். அதற்கு முன் இரண்டு வாரம் சோறே கிடையாது. வேளைக்கு ஒரு டம்ளர் புரோட்டீன் மாவு கரைத்தது, தெளிந்த சூப், தண்ணீர், அவ்வளவுதான். கொழுப்பு சேர்ந்து ஈரல் வீங்கியிருக்கிறது, அது சுருங்கினால்தான் அதை ஒதுக்கிப் பிடித்து வயிற்றை எட்ட முடியும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் கையைக் கிள்ளினாய்.

"கறிக்கடை பாய்கிட்ட எத்தனை ஈரல் எடை போட்டு வாங்கிருப்பேன்! இப்ப என் ஈரலயே எடை போடுறாங்க, பாத்தீங்களா மச்சான்?"

கொஞ்ச நாளில் அந்த வாடை ஆரம்பித்தது. கெட்டுப்போகப் போகிற அன்னாசியும் தின்னரும் கலந்த மாதிரி. மறைமலை நகர் ஃபேக்டரியில், பெயின்ட் அடிக்கும் பிரிவில் இன்ஜினியராக நிற்கிற எனக்கு அது தெரியாதா?

"சாப்பாடு வரலன்னா உடம்பு கொழுப்ப எரிக்கும். அதுல அசிட்டோன் உண்டாகி மூச்சுல வெளிய வரும். எங்க தின்னர்லயும் அதான் இருக்கு" என்றேன்.

"அப்ப நான் உங்க ஃபேக்டரியா?" என்று என் முகத்தில் ஊதினாய்.

நீ சாப்பிடாவிட்டாலும் எனக்கு ஆக்கிப் போடாமல் விடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து ஆவியில் முகத்தைக் காட்டுவாய். "நீங்க சாப்பிடுங்க. நான் மோந்துக்கிறேன். வாசனைக்குக் கலோரி கிடையாதுல்ல?"

"கிடையாது" என்றேன். இன்ஜினியர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. எழுந்து நடக்கக்கூடச் செய்தாய். அப்புறம் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. யாரைக் குறை சொல்ல?

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, முதலில் தலையணையில் வந்தது. முகத்தைப் புதைத்து "பர்வீன்" என்றேன், வந்தது. பீரோவைத் திறந்து உன் சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டுக் கூப்பிட்டேன், அங்கேயும் வந்தது. சும்மா இருந்தால் மங்கிவிடும். பெயரைச் சொன்னால், பதில் சொல்வது போல எழும்பும். பயமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது. லீவு போட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு மத்தியானம் வாசலில் குரல் கேட்டது. "மச்சான்."

என்னை அப்படிக் கூப்பிட இரண்டே பேர்தான். இரண்டாவது ஆளை நான் மறந்தே போயிருந்தேன். கதவைத் திறந்தால் உன் தம்பி ரியாஸ். தாம்பரத்தில் டாப்-அப் கார்டு கடையைச் சாத்திவிட்டு, மாமி கொடுத்தனுப்பிய கேரியரோடு நின்றான்.

"உன் அக்கா வாடை வருதாடா?"

"வருது மச்சான். படியேறும்போதே வந்துச்சு."

எனக்குப் பைத்தியம் இல்லை என்று அழுதேன். அவன் தலையணையை மோந்தான், பீரோவை மோந்தான். "இங்க ஒண்ணும் இல்லயே."

"கூப்பிட்டாத்தான் வருவா."

"எங்க, கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். கிட்டே வந்தான். இன்னும் கிட்டே வந்தான். "மச்சான், இது உங்க வாயிலேர்ந்து வருது. நோன்பு வச்சிருக்கீங்களா?"

"இல்லயே."

"அப்ப கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

உனக்குச் சொன்ன கெமிஸ்ட்ரிதான். என் மூச்சைத்தான் நான் மோந்துகொண்டிருந்திருக்கிறேன். கேரியரைத் தள்ளிவிட்டேன். "சாப்பிட்டா வாடை போயிடும்டா. ரெண்டாவது தடவையும் அவ போயிடுவா."

ரியாஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நீங்களும் போயிட்டா நான் யார மச்சான்னு கூப்பிடுறது?"

கேரியரில் இருந்த பிரியாணியைச் சுட வைத்து என் முன்னால் வைத்துவிட்டு, இப்போது பேப்பர் படிக்கிற மாதிரி ஹாலில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வாடை என் வாயில்தான் வந்தது என்றால், சாத்திய கதவுக்கு வெளியே, படியில், அவனுக்கு எப்படி வந்தது? அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் யோசித்து, வேறு மாதிரி சொல்லிவிடுவான்.

இனி வேளை தவறாமல் சாப்பிடுவேன். உன் வாடை இந்த வீட்டை விட்டுப் போனாலும் சாப்பிடுவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன். ஃபேன் ஓடவில்லை, ஜன்னலும் திறக்கவில்லை. ஆனாலும் ஆவி நேராக மேலே போகாமல் அந்தப் பக்கம் சாய்கிறது.

நீ மோந்துக்கோ. நான் சாப்பிடுறேன்.

இன்னமும்,
உன் மச்சான்